ஐந்து கண்டம் தாண்டியவனின் வண்டி

முத்திரையம்மா யாரையும் திட்டியதில்லை. திட்டு வாங்குவதற்கும் எதிராளிக்குக் கொஞ்சம் தகுதி வேண்டும் என்பது அவளுடைய எண்ணம். மூக்குக்கண்ணாடியைச் சற்றே கீழே இறக்கி, அதன் விளிம்புக்கு மேலாக ஒருமுறை பார்ப்பாள். அவ்வளவுதான். நன்றாக உடுத்திக்கொண்டு வந்தவன்கூடத் தன் சட்டையில் எங்கே கறை என்று குனிந்து தேட ஆரம்பித்துவிடுவான்.

துறைமுகத்துச் சுங்க அலுவலகத்தில், மூன்றாம் ஜன்னலில், முப்பத்தோரு வருஷம் அப்படிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளிநாட்டுப் பதிவெண்ணோடு கப்பலில் வந்து இறங்கும் வண்டிகளுக்கு மூன்று மாதத் தற்காலிக அனுமதி எழுதி முத்திரை குத்துவது அவள் வேலை. கார்க்காரர்களைப் பற்றி அவளுக்குப் பெரிய அபிப்பிராயம் எதுவும் இல்லை. மோட்டார் சைக்கிளில் உலகம் சுற்றுகிறவர்கள்தான் அவளுடைய தனிப் பாடம். வண்டியின் இரண்டு பக்கமும் அலுமினியப் பெட்டி. பெட்டி முழுக்க நாற்பது நாட்டுக் கொடி. ஆனால் படிவத்தில் பிறந்த தேதியை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாது.

"பாலைவனத்தைத் தனியாத் தாண்டி வந்திருக்கேன்" என்பான் ஒருவன்.

"பேனா எடுத்துட்டு வரலையா?" என்பாள் அவள்.

அந்த முப்பத்தோரு வருஷத்தில் யாரிடமிருந்தும் ஒரு டீகூட வாங்கிக் குடித்ததில்லை. அதை நேர்மை என்று மற்றவர்கள் சொன்னார்கள். அவள் சொல்லவில்லை. "இவனுங்க வாங்கிக் குடுத்துக் குடிக்கிற அளவுக்கு எனக்கு என்ன கேடு?" என்பதுதான் அவள் விளக்கம். கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. அதற்கும் யாராவது ஒருவனை மதித்துத் தொலைக்க வேண்டியிருக்குமே.

ஓய்வு பெற்றதும் தம்பியின் வீட்டு மாடி அறைக்கு வந்து சேர்ந்தாள். கீழே தம்பியின் டிங்கர் பட்டறை. அடிபட்ட கார்களின் நெளிசலைத் தட்டி நிமிர்த்துவது அவன் தொழில். நல்ல தொழில்காரன்; மனசுதான் பஞ்சு. யார் சிரித்துப் பேசினாலும் உருகிவிடுவான். யாரையெல்லாம் இனிப் பார்க்காமல் இருக்கலாம் என்று அலுவலகத்தில் ஓய்வுக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்தாளோ, அவர்களெல்லாம் இங்கே பட்டறை வாசலில் நின்றார்கள்.

தம்பி ஒருமுறை யாருடைய பெட்டியையோ நெளிசல் எடுத்துக் கொடுத்திருக்கிறான். அந்த ஆள் மிச்சப் பயணத்தை அடுத்த வருஷம் தொடரப்போவதாகச் சொல்லி வண்டியைப் பின்கொட்டகையில் விட்டுவிட்டு விமானம் ஏறியிருக்கிறான். அவன் சொல்லி இன்னொருவன், அவன் சொல்லி வேறொருவன். முத்திரையம்மா குடிவந்த நாளில் கொட்டகையில் ஒன்பது வண்டிகள் போர்வை போர்த்திக்கொண்டு வரிசையாக நின்றன. தம்பி ஒவ்வொன்றுக்கும் பேட்டரியைக் கழற்றி, டயர் தரையில் படாமல் கட்டை கொடுத்து, எலி நுழையாமல் புகைபோக்கியில் துணி அடைத்து, ஞாயிறு தவறாமல் துடைப்பான்.

"உன் சொந்த வண்டிய என்னைக்காவது இப்படித் துடைச்சிருக்கியா?" என்று கேட்டாள்.

"என்னுது ஸ்கூட்டர்க்கா. அது துடைச்சாலும் அப்படித்தான் இருக்கும்."

அந்தக் கொட்டகைக்குத்தான் கண்டம் வந்து சேர்ந்தான்.

அவனுக்கு வேறு பெயர் இருந்தது. வந்து இறங்கி ஐந்து நிமிஷத்துக்குள், தான் ஐந்து கண்டங்களைத் தாண்டியவன் என்று மூன்று முறை சொன்னான். ஆறடிக்கு மேல் உயரம், மார்பு வரை தாடி, கழுத்தில் ஒரு கேமரா, தலைக்கவசத்தில் இன்னொன்று. தம்பியைக் கட்டிப்பிடித்து, "உலகமே என் வீடு, சகோதரா" என்றான். அவன் மொழி அவளுக்கு ஜன்னலில் உட்கார்ந்தே பழகிவிட்டிருந்தது.

"உலகமே வீடுன்னா கொட்டகை மட்டும் எதுக்கு எங்களோடது?" என்று அவள் அவன் மொழியிலேயே கேட்டாள்.

அவன் அதை நகைச்சுவை என்று எண்ணி வாய்விட்டுச் சிரித்தான். கேமராவையும் அவள் பக்கம் திருப்பினான். அவள் பார்த்தாள். கேமரா மெல்லத் தாழ்ந்தது.

சாயங்காலம் தம்பி மாடிக்கு வந்து பெருமையடித்தான். "அஞ்சு கண்டம் தாண்டினவருக்கா. நம்ம பட்டறைக்கு வந்திருக்கார்."

"அவரு தாண்டிட்டாரு. ஆறாவது கண்டம் உனக்குத்தான். ஜாக்கிரதையா இரு."

விஷயம் இதுதான். கண்டம் ஏழு மாதம் ஊருக்குப் போய்விட்டு வரப்போகிறான். அனுமதியில் இன்னும் ஐம்பது நாள்தான் பாக்கி. சட்டப்படி இதற்கு வழி உண்டு; கொட்டகையில் நின்ற மற்ற ஒன்பதும் அந்த வழியில் வந்தவைதான். வண்டியைச் சுங்க அலுவலகத்துக்குக் கொண்டுபோனால், சக்கரத்தைக் கம்பியால் பிணைத்து ஈய முத்திரை வைப்பார்கள். அந்த நொடியோடு நாள் கணக்கு நின்றுவிடும். திரும்பி வந்து முத்திரையை உடைக்கச் சொன்னால், விட்ட இடத்திலிருந்து நாள் ஓடும். முத்திரை வைக்காமல் உரிமையாளர் நாட்டைவிட்டுப் போகவும் முடியாது. கடவுச்சீட்டில் வண்டியின் எண்ணை எழுதியிருப்பார்கள்.

"நாளைக்குக் காலைல வண்டிய எடுத்துட்டுப் போய் வரிசைல நில்லுங்க. ஒருநாள் வேலை" என்றாள் முத்திரையம்மா.

கண்டம் சிரித்தான். அவனிடம் இரண்டு கடவுச்சீட்டுகள் இருந்தன, இரண்டு நாட்டுக் குடிமகன். வண்டியை எழுதியது ஒன்றில், விமானம் ஏறப்போவது இன்னொன்றில். "வரிசையில் நிற்பவன் பயணி இல்லை, மேடம்" என்றான். பிறகு ஒரு காகிதத்தில் 'இந்த வண்டி என் பாதுகாப்பில் இருக்கிறது' என்று எழுதித் தம்பியிடம் நீட்டினான். தம்பி பட்டறையின் ரப்பர் ஸ்டாம்பையும் சேர்த்துக் குத்திக் கையெழுத்துப் போட்டான்.

"ஏன்டா, படிச்சுப் பாத்தியா?"

"என்னக்கா, மனுசன் நம்பி விட்டுட்டுப் போறாரு. ஒரு கையெழுத்துக்கூடப் போட மாட்டேன்னா நல்லாவா இருக்கும்?"

"நம்பினது அவரில்ல. நீ."

"உனக்கு யாரைத்தான் பிடிச்சிருக்கு? எங்களையே உனக்குப் பிடிக்காது."

அவன் கோபப்பட்டுச் சொன்னதுதான். ஆனால் தம்பி மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, மறுப்பு எதுவும் சொல்லாமல் உள்ளே போனாள். அதை முத்திரையம்மா கவனித்தாள்.

கண்டம் போனான். மாதாமாதம் தம்பி அந்த வண்டியை முடுக்கி, அது உறுமுவதை வீடியோ எடுத்து அனுப்புவான். முதலில் பதிலுக்கு இதயம் வந்தது. அடுத்த மாதம் கட்டைவிரல். அப்புறம் எதுவும் இல்லை. ஐந்தாவது மாதம் சுங்க அலுவலகத்திலிருந்து பதிவுத் தபால் வந்தது.

தம்பி அதை இரண்டு முறை படித்துவிட்டு மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டான். அனுமதி முடிந்த வெளிநாட்டு வண்டியை மறைத்து வைத்திருப்பதாகத் தகவல்; பதினைந்து நாளில் விளக்கம் தராவிட்டால் பட்டறையைப் பூட்டி முத்திரை வைப்போம்.

"யாரு போட்டுக் குடுத்திருப்பாங்க? பக்கத்துக் கடைக்காரனா?"

கடிதத்தோடு ஒரு பக்கம் இணைத்திருந்தார்கள். முத்திரையம்மா அதைப் புரட்டினாள். காட்டிக் கொடுத்தது கண்டமேதான். தன் இணையப் பக்கத்தில், 'இந்த நாட்டின் முட்டாள் சட்டத்தை ஏமாற்றி வண்டியை விட்டுவருவது எப்படி' என்று படம் போட்டு எழுதியிருந்தான். இரண்டு கடவுச்சீட்டுத் தந்திரம், தம்பி கையெழுத்திட்ட காகிதம், பட்டறையின் பெயர்ப்பலகை, பலகைக்குக் கீழே பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும் தம்பி. 'என் எளிய சகோதரன்' என்று அடியில் ஒரு வரி. பதினோராயிரம் பேர் பார்த்திருந்தார்கள். அதில் ஒருவர் சுங்க அதிகாரி.

"திருடன்கூட வீட்டு விலாசத்தைப் பலகைல எழுதி வைக்க மாட்டான்" என்றாள்.

தம்பி கண்டத்துக்குச் செய்தி அனுப்பினான். இந்தமுறை உடனே பதில் வந்தது. முத்திரையம்மாதான் படித்துச் சொன்னாள். "கவலைப்படாதே சகோதரா. உங்கள் ஊர்களில் இதெல்லாம் எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியும். அங்கே இருக்கும் குமாஸ்தா யாருக்காவது எதையாவது திணித்துவிடு. வாலாட்டுவார்கள்."

படித்து முடித்ததும் கைபேசியை மேசையில் வைத்தாள். தம்பி அவள் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான். அவள் எழுந்துபோய் பீரோவைத் திறந்து, அலுவலகத்துக்கு உடுத்திக்கொண்டு போன காலர் வைத்த சட்டை ஒன்றை எடுத்து இஸ்திரி போட ஆரம்பித்தாள். ஒரு மடிப்பையே நாலு தடவை தேய்த்தாள்.

மறுநாள் காலை வரிசையில் நின்றாள். முப்பத்தோரு வருஷம் உட்கார்ந்திருந்த ஜன்னலை வெளிப்பக்கத்திலிருந்து அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. கண்ணாடியில் பேசுவதற்கு வைத்த ஓட்டை இவ்வளவு தாழ்வாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. எல்லோரும் கூனிக்கொண்டு பேசினார்கள். முதுகெலும்பு இல்லாத ஜனங்கள் என்று இத்தனை காலமும் எண்ணியிருந்தாள். ஓட்டைதான் காரணம் போலிருக்கிறது.

அவளுடைய முறை வந்ததும் உள்ளே அழைத்துப் போனார்கள். இப்போது அங்கே தலைமை அதிகாரி ஒருகாலத்தில் நான்காம் ஜன்னலில் இருந்தவன். எழுதியதை அழித்து அழித்து எழுதுவான் என்று அவனுக்கு 'ரப்பர்' என்று பட்டம் வைத்தவளே அவள்தான்.

"வாங்கம்மா. நேரா உள்ள வந்திருக்கலாமே, எதுக்கு வரிசைல நின்னீங்க?"

"வரிசைன்னு வச்சிருக்கீங்க இல்ல."

"நீங்க வச்சதுதான்." ரப்பர் கோப்பைத் திறந்தான். "தம்பியா? படத்துல உங்க சாயல் தெரிஞ்சது. சிரிப்பு மட்டும் இல்ல."

"வச்சிருக்கவன் தானா வண்டிய ஒப்படைச்சா, வழக்கு உரிமையாளர் மேல மட்டுந்தான். வண்டி அரசாங்கத்துக்கு. அதுதானே விதி?"

"அதேதான். பதினஞ்சு நாளுக்குள்ள கொண்டாந்துடுங்க. ஓட்டிட்டு மட்டும் வராதீங்க. அனுமதி முடிஞ்ச வண்டி, தெருவுல ஓடக்கூடாது."

"எனக்கேவா சொல்லித் தர்ற?"

ரப்பர் பேனாவை மூடினான். "இவ்வளவு வருசம் சொல்லாத ஒண்ணு சொல்லட்டுங்களா? நீங்க ஓய்வு பெத்த அன்னைக்கு இங்க கேக் வெட்டினோம்."

"எனக்குத் தெரியாதே?"

"நீங்க கிளம்பிப் போனப்புறம் வெட்டினோம்."

சொல்லிவிட்டு, மூக்குக்கண்ணாடியின் விளிம்புக்கு மேலாக அவளைப் பார்த்தான். அவளிடமே கற்ற வித்தை. அவளுக்குச் சுருக்கென்றது. சட்டையில் கறை தேடவில்லை என்றாலும் கை தானாகவே காலரைத் தொட்டுப் பார்த்தது. வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போதுதான், இந்த ரப்பருக்கு இவ்வளவு தைரியம் எப்போது வந்தது என்று லேசான மரியாதை எட்டிப் பார்த்தது. அதையும் உடனே அடக்கிவிட்டாள்.

வீட்டில் தம்பி முரண்டு பிடித்தான். "வாக்குக் குடுத்திருக்கேன்க்கா. வந்து கேட்டா என்ன சொல்லுவேன்?"

"வாலாட்டிட்டு நில்லு. அவரு அதைத்தானே எதிர்பார்க்கிறாரு?"

தம்பி மனைவிதான் முடித்து வைத்தாள். "அண்ணி சொல்றதக் கேளுங்க. பட்டறைய மூடிட்டா அந்தத் தாடி வந்தா நமக்குச் சோறு போடப்போகுது?" நாத்தனார் பக்கம் நின்று அவள் பேசியது அந்த வீட்டில் அதுவரை நடக்காத சங்கதி.

வெள்ளிக்கிழமை பத்து மணி வெயிலில் வண்டியைத் தள்ளிக்கொண்டு கிளம்பினார்கள். சுங்க அலுவலகம் இரண்டரை கிலோமீட்டர். பெட்டிகளோடு சேர்த்து வண்டி ஒரு எருமை மாதிரி கனத்தது. தம்பி கைப்பிடியைப் பிடித்துத் தள்ள, முத்திரையம்மா பின்பெட்டியில் ஒரு கையை வைத்துக்கொண்டு நடந்தாள். தள்ளினாள் என்று சொல்ல முடியாது. கூட வந்தாள்.

"பெட்ரோல் தீந்துடுச்சா அண்ணே?" என்று டீக்கடையிலிருந்து ஒருவன் கேட்டான்.

"புத்தி தீந்துடுச்சு" என்றாள் அவள்.

மேம்பாலத்து ஏற்றத்தில் தம்பிக்கு மூச்சு வாங்கியது. பாதியில் நிறுத்தி, வண்டியின் இருக்கையில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டான். தோள் குலுங்குவதைப் பார்த்துத்தான் அழுகிறான் என்று புரிந்துகொண்டாள்.

"என்னடா இது, நடுரோட்டுல?"

"இத ஒருநாள் ஓட்டினேன்க்கா. யாருக்கும் தெரியாது. விடியக்காலைல எடுத்துட்டுப் போனேன். கடற்கரை ரோட்ல நாப்பது கிலோமீட்டர். அங்க ஒரு கலங்கரை விளக்கம் இருக்கு. பாத்துட்டுத் திரும்பி வந்துட்டேன்." முகத்தைத் துடைத்தான். "அம்பத்திரண்டு வயசாச்சு. நான் எங்கயாவது போயிருக்கேன்னா அது ஒண்ணுதான்."

அவள் வாயில் ஒரு பதில் தயாராக இருந்தது. இந்த மாதிரி இடத்தில் அவளுக்கு எப்போதும் பதில் தயாராகவே இருக்கும். அதை விழுங்கினாள். கப்பலில் வந்து இறங்கிய ஆயிரக்கணக்கான பேருக்கு அனுமதி எழுதியவள், துறைமுகத்தில் கட்டியிருந்த ஒரு கப்பலிலும் கால் வைத்ததில்லை. பார்க்க ஒன்றும் இல்லை என்றுதான் அவள் எண்ணம். அதைப் பார்க்காமலேயே முடிவு செய்துவிட்டோமோ என்று அந்த மேம்பாலத்தில் ஒரு கணம் தோன்றியது.

"நிமிருடா. வண்டி பின்னால உருளுது" என்றாள். இந்தமுறை இரண்டு கையாலும் தள்ளினாள்.

ரப்பர் வண்டியைப் பெற்றுக்கொண்டு ரசீது கொடுத்தான். தம்பியின் பெயர் வழக்கிலிருந்து நீங்கியது. வண்டியைப் பின்முற்றத்தில், இதேபோல் உரிமையாளர்கள் கைவிட்ட வண்டிகளோடு நிறுத்தினார்கள். இருபது முப்பது இருக்கும். கொடிகள் வெளுத்துப்போய், இருக்கையில் புல் முளைத்து, எல்லாக் கண்டங்களும் ஒரே சுவரில் சாய்ந்துகொண்டிருந்தன.

சொன்ன ஏழு மாதத்துக்கு மேலும் நாலு மாதம் கழித்துக் கண்டம் வந்தான். கேமராவை ஓடவிட்டபடியே வாசலில் நுழைந்து, "என் சகோதரன் எங்கே!" என்று முழங்கினான். சகோதரன் ஒரு காரின் அடியில் படுத்திருந்தான், வெளியே வரவில்லை. முத்திரையம்மா வந்தாள்.

"வண்டி சுங்க அலுவலகத்துல இருக்கு. மூணாவது ஜன்னல். ரெண்டு கடவுச்சீட்டையும் எடுத்துட்டுப் போங்க."

முதலில் நம்பவில்லை. பிறகு கத்தினான். "அது என் ஒன்பது வருட வாழ்க்கை! திருடர்கள்! உங்களை நம்பினேனே!"

"நம்பினீங்க, வாஸ்தவந்தான். குமாஸ்தாவுக்குத் திணிச்சா வாலாட்டுவான்னு நம்பினீங்க. அந்தக் குமாஸ்தா நான்தான். மூணாவது ஜன்னல்ல முப்பத்தோரு வருசம் இருந்தேன். உங்களை மாதிரி ஆயிரம் பேரைப் பாத்துட்டேன். தாடி மட்டுந்தான் வேறவேற."

கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. அவன் அதைக் கவனித்து அவசரமாக அணைத்தான். அலுவலகத்தில் இரண்டு கடவுச்சீட்டையும் மேசையில் வைக்கச் சொன்னார்கள். மூன்று நாள் அலைந்தான், வரிசையில் நின்றான், ஜன்னல் ஓட்டைக்குக் குனிந்தான். வண்டி கிடைக்கவில்லை. இந்த நாட்டுக்குள் இனி எந்த வண்டியும் கொண்டுவரக் கூடாது என்று எழுதிக் கொடுத்து விமானத்தில் ஏற்றினார்கள்.

போன கையோடு, பட்டறை ஒரு திருடர் குகை, அங்கே ஒரு சூனியக்காரி இருக்கிறாள் என்று பக்கம் பக்கமாக எழுதினான். படித்துவிட்டு எட்டு பேர் ஒவ்வொருவராக வந்து தங்கள் வண்டியை எடுத்துக்கொண்டு போனார்கள். தம்பி ஒவ்வொன்றையும் துடைத்து, காற்றடித்து, பேட்டரி மாட்டிக் கொடுத்தான். ஒருவனாவது என்ன நடந்தது என்று கேட்கவில்லை. பின்கொட்டகை ஏறக்குறைய காலியாயிற்று. தம்பி ஒரு மாதம் அக்காவிடம் பேசவில்லை. பிறகு, பேசாமலிருக்க அலுப்பாக இருந்ததால், பேசினான்.

காலியான கொட்டகையில் கடைசியாக ஒரே ஒரு வண்டி நின்றது. அதன் உரிமையாளர் ஒரு நடுத்தர வயதுப் பெண். தொழில் பல் வைத்தியம். பெட்டியில் ஒரு கொடிகூட ஒட்டவில்லை. அடுத்த முறை வந்து சுற்றிவிட்டு ஊருக்குக் கிளம்பும்போது காலையில் தானே வரிசையில் நின்று, சக்கரத்துக்கு ஈய முத்திரை வைத்துக்கொண்டு, சரக்கு வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து விட்டாள். படிவத்தின் நகல் ஒன்றை முத்திரையம்மாவிடம் கொடுத்து, "சரியா நிரப்பியிருக்கேனா, பாருங்க" என்றாள்.

முத்திரையம்மா மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு வாசித்தாள். பெயர் சரி, தேதி சரி, எண் சரி. மறுபடியும் முதலிலிருந்து வாசித்தாள். ஒரு பிழையும் அகப்படவில்லை. அவளுக்கு எரிச்சலாக வந்தது.

"சரியாத்தான் இருக்கு" என்று காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, என்ன செய்வது என்று தெரியாமல், தம்பி மனைவியிடம் அந்த அம்மாளுக்கு ஒரு டீ போடச் சொன்னாள்.